புகழேந்தி சாரின் சாம்பிள் தோள்பட்டை

புகழேந்தி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. காலையில் லைனுக்குள் நுழைந்தால் சாயங்காலம் கம்பெனி பஸ் கிளம்பும்வரை நின்றபடியே இருப்பார். டீயை நின்றுகொண்டு குடிப்பார், மேனேஜர் அறையில் நாற்காலியைக் காட்டினாலும் நின்றுகொண்டே பேசுவார். அதில் அவருக்கு அப்படியொரு பெருமை. உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் எங்கேயோ ஏமாற்றுகிறார்கள் என்பது அவருடைய அபிப்பிராயம். தையல் மெஷினில் உட்கார்ந்துதான் தைக்க முடியும் என்பதால் தன் லைனில் இருந்த பெண்களை மட்டும் பெரிய மனசு பண்ணி மன்னித்து வைத்திருந்தார்.

ஆம்பூர் பைபாஸை ஒட்டி இருந்த அந்த ஷூ கம்பெனியில், ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற லைனுக்கு அவர்தான் சூப்பர்வைசர். தைத்த பீஸை வலது கையில் எடுத்து, தலைக்கு மேலே டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். தப்பு இருந்தால் அந்தக் கை கீழே இறங்காது. யாருடைய பீஸ் என்று தெரிகிறவரை லைன் மொத்தமும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருக்கும்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு மாடலுக்கும் ஷூவை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, அதாவது பையர், ஒப்புக்கொண்ட ஒரு ஜோடி சாம்பிளாக வரும். அதில் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, லைனின் தலைமாட்டில் கொக்கியில் தொங்கவிடுவார்கள். அதற்கப்புறம் அந்த சாம்பிள்தான் சட்டம். தைக்கிறவளுக்கு அறிவு இருக்கலாம், கண் இருக்கலாம், இருபது வருஷ அனுபவம் இருக்கலாம். எல்லாவற்றையும் லன்ச் பையில் வைத்து மூடிவிட்டு சாம்பிள் எப்படியோ அப்படித் தைக்க வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சாம்பிளில், லேஸுக்கு அடியில் வரும் நாக்குப் பக்கம் தையல் கோணலாக ஓடியிருந்தது. லைனில் மூத்தவளான அஃப்ரோஸ்தான் முதலில் பார்த்தாள்.

"சார், இது கோணலா இருக்குதே?"

"சாம்பிள் எப்படி இருக்குது?"

"சாம்பிளே கோணல்தான் சார்."

"அப்போ கோணலா போடு."

ஆயிரக்கணக்கான ஜோடிகள் கோணல் தையலோடு கப்பலேறின. வாங்கிய நாட்டில் ஒருவரும் குறை சொல்லவில்லை. அடுத்த சீசனுக்கு அந்தக் கோணலைக் கொஞ்சம் பெரிசாகப் போடச் சொல்லி மெயில் வந்தது. அன்றிலிருந்து புகழேந்தியின் கொள்கை இரும்பாகிவிட்டது. மிஞ்சிப்போன ஒரு கோணல் ஜோடியைக் கேட்டு வாங்கி, பதக்கத்தைக் குத்திக்கொள்கிற மாதிரி தினமும் காலில் மாட்டிக்கொண்டு வந்தார்.

இன்னொரு கதையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். முன்பு தோல் வெட்டும் கட்டிங் பிரிவையும் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நின்று நின்றே வயசான மஹபூப் பாஷாவுக்கு முட்டி வலி வந்தது. நடுநடுவே கொஞ்சம் உட்கார்ந்துகொள்ள ஒரு ஸ்டூல் கிடைத்தால் போதும் என்று அவர் கேட்டார். கம்பெனி புகழேந்தியிடம் அபிப்பிராயம் கேட்டது. "நிக்க முடியாதவனுக்கு ப்ளோர்ல இன்னா வேலை?" என்றார் புகழேந்தி. மஹபூப் பாஷாவை கேட்டுக்கு மாற்றி செக்யூரிட்டி ஆக்கினார்கள். கேட்டில் நாள் முழுக்க நிற்க வேண்டும், அங்கேயும் ஸ்டூல் கிடையாது என்பது இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அங்கே நின்றுகொண்டு பெரியவர் தினமும் புகழேந்திக்கு சல்யூட் வைத்தார். புகழேந்தியும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

தீபாவளி முடிந்த வாரத்தில் ஒரு காலை, புகழேந்தி குளித்துவிட்டுத் தலை சீவ வலது கையைத் தூக்கினார். கை பாதி வழியில் நின்றுவிட்டது. மேலே தள்ளிப் பார்த்தார். தோளுக்குள் யாரோ ஊசியை இறக்கினாற்போல இருந்தது.

"ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்திருப்பீங்க. எண்ணெய் தேச்சா எறங்கிடும்," என்றாள் மனைவி பூரணி.

இறங்கவில்லை. பின்பாக்கெட்டில் இருந்து பர்ஸ் எடுக்க முடியவில்லை. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியவில்லை. லைனில் பீஸை இடது கையால் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தார். யாராவது கேட்டால், "ரெண்டு கண்ணுக்கும் வேலை குடுக்கணும்ல," என்று அர்த்தமில்லாமல் ஒரு பதில் சொன்னார். சொன்னது சூப்பர்வைசர் என்பதால் அதிலும் ஏதோ விஷயம் இருக்கும் என்று பெண்கள் நம்பினார்கள்.

வலியைவிடப் பயம்தான் அவரைத் தின்றது. பொங்கலோடு அவருக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. அதற்கப்புறம் வருஷா வருஷம் கம்பெனி எக்ஸ்டென்ஷன் கொடுத்தால்தான் வேலை. கையைத் தூக்க முடியாத சூப்பர்வைசரை எங்கே அனுப்புவார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த வழியைப் போட்டுக் கொடுத்தவரே அவர்தானே.

ஆகவே ரகசிய வைத்தியம் ஆரம்பமானது. வேலூர் லாங் பஜாரில் ஒரு கடையில் இருந்து மச்சான் கருப்பாக ஒரு தைலம் வாங்கி வந்தான். அதன் வாசனைக்குப் பக்கத்து வீட்டு நாய் இரண்டு நாள் இந்தப் பக்கமே வரவில்லை. பிறகு நாட்றம்பள்ளிப் பக்கம் ஒரு கட்டுக்காரர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை அங்கே போனார்கள். அவர் தோளை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, "நரம்பு பெரண்டுகிச்சு," என்றார். முட்டை வெள்ளைக்கருவும் ஏதோ பொடியும் குழைத்துப் பூசி, மேலே துணி சுற்றி, கையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். "அசைக்கவே கூடாது," என்பது உத்தரவு. புகழேந்திக்குப் பரம திருப்தி. கட்டு என்று ஒன்று இருக்கிறது, கட்டளை என்று ஒன்று இருக்கிறது, நாற்றமும் இருக்கிறது. இதற்கு மேல் ஒரு வைத்தியத்தில் என்ன வேண்டும்?

வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் பழைய குடியாத்தம் லுங்கியைக் கிழித்துத் தொட்டில் கட்டி, கையை அதில் கிடத்திக்கொண்டார். வேலைக்குப் போகும்போது மட்டும் லுங்கியையும் கையை நெஞ்சோடு சேர்த்திருந்த துணியையும் அவிழ்த்துவிட்டு, தோளில் இருந்த கட்டை மட்டும் முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டார். கட்டைப் பிரித்த நாளில், முன்பு தோள் வரைக்கும் வந்துகொண்டிருந்த கை விலாவைவிட்டுக் கிளம்பவே யோசித்தது.

அதற்கப்புறம்தான் பூரணி அவரை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மெடிக்கல் ஷாப்புக்கு மேலே இருந்த பிசியோதெரபி கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்த சௌம்யாவுக்கு வயசு முப்பதுகூட இருக்காது. அதுவே புகழேந்திக்குப் பிடிக்கவில்லை.

"கட்டு யார் சார் போட்டது?" என்று கேட்டாள்.

புகழேந்தி சுவரில் தொங்கிய எலும்புக்கூடு படத்தைப் பார்த்தார்.

"சுகர் இருக்கா?"

"எனக்கெல்லாம் அது கெடையாது."

"எப்போ செக் பண்ணீங்க?"

"செக் பண்ணதே இல்ல. இருந்தாத்தானே பண்றதுக்கு?"

விரலில் குத்திப் பார்த்தாள். மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்து பூரணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். வாரம் தவறாத பிரியாணியும் வேளை தவறாத டீயும் அந்த எண்ணுக்குள் அடக்கமாக உட்கார்ந்திருந்தன.

சௌம்யா நிதானமாகச் சொன்னாள். "தோள் இறுகிப்போச்சு சார். ஃப்ரோசன் ஷோல்டர்னு சொல்வாங்க. சுகர் இருக்கறவங்களுக்கு ஜாஸ்தி வரும். வலிக்குதேன்னு அசைக்காம வெச்சீங்கன்னா இன்னும் இறுகும். வெந்நீர் ஒத்தடம் குடுங்க. நல்ல கையை டேபிள்ல ஊணிக் குனிஞ்சு, இந்தக் கையைத் தொங்க விட்டு மெதுவா ஆட்டுங்க. சுவத்தைப் பாத்து நின்னு, விரலாலயே கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறுங்க. இழுக்கிற மாதிரி லேசா வலிச்சா பரவால்ல. சுருக்குனு வலிச்சா அங்கயே நிறுத்திடணும், முரட்டுத்தனம் கூடாது. தினமும் பண்ணணும். மாசக்கணக்குல ஆகும், ஆனா வரும். சுகருக்கு டாக்டரைப் பாருங்க."

"மருந்து?"

"வலி ரொம்ப இருந்தா டாக்டர் எழுதிக் குடுப்பாங்க. ஆனா கையைக் கொண்டு வரப் போறது இந்தப் பயிற்சிதான்."

"கட்டு?"

"கட்டவே கூடாது."

படியிறங்கும்போது புகழேந்தி பொருமித் தள்ளினார். "சுவத்துல பல்லி மாதிரி ஏறணுமாம்! இதுக்கு இன்னாத்துக்குப் படிப்பு?" ஒரு வைத்தியம் கசக்கவாவது வேண்டும், நாறவாவது வேண்டும் என்பது அவர் கட்சி. வீட்டில் ஒரு நாள் நாட்காட்டிக்குப் பக்கத்தில் நின்று விரலால் ஏறிப் பார்த்தார். பூரணி சிரித்துவிட்டாள். அதோடு சரி.

இந்த நேரத்தில்தான் பையர் கம்பெனியில் இருந்து ஒரு உத்தரவு வந்தது. கழுத்து, தோள், முதுகு வலி வராமல் தடுக்க எல்லாத் தொழிலாளர்களும் தினம் இரண்டு வேளை உடற்பயிற்சி செய்ய வேண்டும். ஜனவரியில் அவர்களுடைய ஆரோக்கியப் பிரிவுத் தலைவி நேரில் வந்து பார்ப்பார். இனாமாக வந்த நல்ல விஷயம்தான். இனாமாக வந்த நல்ல விஷயத்தை எப்படிப் பாழாக்குவது என்பதற்கும் ஒரு திறமை வேண்டும். அது நம்மிடம் இருந்தது.

மேனேஜர் பிரேம்குமார் புகழேந்தியைக் கூப்பிட்டார். "சார், நீங்கதான் நம்ம ஹெல்த் லீடர்."

"நானா? வேற யாராச்சும் சின்னப் பசங்க..."

"உங்கள மாதிரி ஃபிட்டா யார் இருக்காங்க இங்க? காலைலேர்ந்து நிக்கிறீங்க. பையர் உங்களைத்தான் பாக்கணும். இது மட்டும் நல்லபடியா முடிஞ்சா உங்க எக்ஸ்டென்ஷனைப் பத்தி ஒரு பேச்சும் இருக்காது."

முடியாது என்று சொல்ல இதைவிட நல்ல இடம் இருக்க முடியாது. புகழேந்தி, "சரி சார்," என்றார்.

லேப்டாப்பில் வீடியோ ஓடியது. ஒரு வெளிநாட்டுப் பெண் சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் காதோடு ஒட்டி மேலே உயர்த்தினாள். புகழேந்திக்குப் பார்க்கும்போதே வலித்தது. வீடியோவை ஒரு முறைதான் போட்டார்கள், அதுவும் அவருக்கு மட்டும். லைனுக்குத்தான் சாம்பிள் இருக்கிறதே.

மறுநாள் டீ இடைவேளைக்கு முன்னால், லைனின் தலைமாட்டில், சாம்பிள் தொங்குகிற கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு டேபிளைப் போட்டு அவரை மேலே ஏற்றினார்கள். இடது கை ஜம்மென்று மேலே போனது. வலது கை மார்புக்கு நேராக வந்து மக்கர் செய்தது. அதை மறைக்க இடுப்பை இடது பக்கம் ஒடித்தார். உடம்பு சாய்ந்ததும் கை கொஞ்சம் உயர்ந்த மாதிரி இருந்தது. போதாததற்குக் கழுத்தையும் ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டார். வலியில் பல்லைக் கடித்தது சிரிப்பாகத் தெரிந்தது.

"சார், வலது கை இவ்ளோதானா?" என்று அஃப்ரோஸ் கீழேயிருந்து கேட்டாள்.

புகழேந்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சாம்பிள் மாதிரியே போடு!"

அவ்வளவுதான், லைனுக்குப் புரிந்துவிட்டது. அத்தனை பெண்களும் இடது கையை மேலே தூக்கி, வலது கையை மார்புக்கு நேரே நிறுத்தி, இடுப்பை ஒடித்து, கழுத்தைச் சாய்த்து, பல்லைக் கடித்தார்கள். தைத்த பீஸைச் சரிபார்க்கும் யோகலட்சுமி பழக்கதோஷத்தில் வரிசையைச் சுற்றி வந்தாள். புதிதாகச் சேர்ந்திருந்த லுப்னா பாவம், கையை நன்றாக மேலே தூக்கிவிட்டாள்.

"ஏய், வலது கை ஜாஸ்தி போவுது பாரு. சார் எங்க நிறுத்துறாரு? அங்க நிறுத்து. பல்லைக் கடிக்கல நீ," என்று யோகலட்சுமி திருத்தினாள்.

வாரங்கள் ஓடின. ஊரில் எந்த லைனிலும் இல்லாத ஒழுங்கு அந்த லைனில் வந்தது. இடுப்புப் பிடிப்பும் வந்தது.

"சார், இந்த எக்சர்சைஸ் ஆரம்பிச்சதுலேர்ந்து எல்லாருக்கும் எடது பக்கமே பிடிக்குது," என்றாள் அஃப்ரோஸ்.

"பழக்கம் இல்லாத ஒடம்பு. போகப் போக சரியாய்டும்," என்றார் புகழேந்தி. சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தார். செய்கிறது தப்பு என்று அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது. ஜனவரி தாண்டட்டும், கையெழுத்து விழட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டார்.

மார்கழிக் குளிரில் தோள் இன்னும் மோசமாயிற்று. சட்டைப் பட்டனை பூரணிதான் போட்டுவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரே வாயைத் திறந்து, "அந்தப் பொண்ணுகிட்டயே போலாமா?" என்றார். பூரணி சிரிக்கவில்லை.

சௌம்யா திட்டவும் இல்லை. பச்சைத் திரைக்குப் பின்னால் இருந்த கட்டிலில் படுக்க வைத்து, தோளில் சூடான பையை வைத்துவிட்டுப் போனாள். பூரணி கீழே மெடிக்கல் ஷாப்புக்கு இறங்கிப் போயிருந்தாள். கதகதப்பில் புகழேந்திக்குக் கண் சொருகிய நேரத்தில் பழக்கமான குரல்கள் படியேறி வந்தன. அஃப்ரோஸ், யோகலட்சுமி, லுப்னா, கூடவே இன்னொருத்தி. அவருக்குத் தூக்கம் பறந்தது. மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

"நாலு பேருக்கும் ஒரே பக்கம் பிடிச்சிருக்கே. கம்பெனில அப்படி இன்னா பண்றீங்க?" என்று சௌம்யா கேட்டாள்.

"எக்சர்சைஸ் மேடம். வலி வரக் கூடாதுன்னு," என்றாள் யோகலட்சுமி.

"செஞ்சு காட்டுங்க பாப்போம்."

திரையில் சின்ன இடைவெளி இருந்தது. அதன் வழியாகப் புகழேந்தி பார்த்தார். நான்கு பெண்கள் வரிசையாக நின்று இடுப்பை ஒடித்தார்கள், கழுத்தைச் சாய்த்தார்கள், வலது கையை மார்புக்கு நேரே நிறுத்திப் பல்லைக் கடித்தார்கள். இதுவரை தன்னை அவர் வெளியே நின்று பார்த்ததில்லை. நன்றாகவே இல்லை.

சௌம்யா திரைப் பக்கம் திரும்பவே இல்லை.

"இது எக்சர்சைஸ் இல்லமா," என்றாள். "இது யாரோ ஒருத்தரோட வலி. அதைத்தான் நாலு பேரும் அச்சு மாறாம செய்றீங்க."

"நாலு பேரா? லைனே செய்யுது மேடம்," என்றாள் அஃப்ரோஸ்.

சௌம்யா அவர்களுக்குச் சரியான முறையைக் காட்டினாள். இரண்டு கையையும் நேராகத் தூக்கு, இடுப்பை ஒடிக்காதே, ஒரே இடத்தில் ரொம்ப நேரம் குனிந்து தைக்காதே, நடுவில் எழுந்து நாலடி நட. வெளியே போகும்போது வாசலில் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. திடீரென்று அது நின்றது. காலணியைப் பார்த்தே ஆளைச் சொல்கிறவர்கள் அவர்கள். நாக்குப் பக்கம் கோணல் தையல் ஓடிய ஒரு ஜோடி ஷூ வாசலில் கிடந்தது.

"யோகா, இதைப் பாரு," என்றாள் அஃப்ரோஸ் மெதுவாக.

பிறகு அவள் திரைக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்: "பாவம், யாரா இருந்தாலும் சீக்கிரம் நல்லாய்டணும். இன்ஷா அல்லா."

கட்டிலில் கிடந்த புகழேந்திக்கு அவமானமாக இருந்தது. அழுகை வந்தது. சூட்டுப் பை ஆறிப்போனதும் தெரியாமல் படுத்திருந்தார். அன்று சாயங்காலமே சுவரில் விரலை வைத்து ஏற ஆரம்பித்தார். பூரணி சிரிக்காமல் பக்கத்தில் நின்று, "முதுகை வளைக்காதீங்க," என்று மட்டும் சொன்னாள். டீயில் சர்க்கரையையும் நிறுத்தினாள்.

ஆனால் திங்கட்கிழமை டேபிள் மேல் ஏறி உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. அவமானம் வேறு, எக்ஸ்டென்ஷன் வேறு. பையர் வருகிற நாள் வரைக்கும் பழைய சாம்பிளே ஓடியது.

அந்த நாளும் வந்தது. வெள்ளை முடியும் தட்டையான செருப்புமாக ஒரு அம்மா வந்து, லைனுக்கு எதிரே நின்றார். பக்கத்தில் பிரேம்குமார், கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவர் மாதிரி கைகட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். புகழேந்தி டேபிளில் ஏறினார். அஃப்ரோஸை ஒரு முறை பார்த்தார். அவள் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு லைன் மொத்தமும் ஒரே ஆளாகச் சாய்ந்தது. சரியான முறை தெரிந்த நான்கு பேரும்கூட, அவர் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று, மற்றவர்களைவிட ஒரு பங்கு அதிகமாகவே ஒடிந்தார்கள்.

அந்த அம்மா கைதட்டினார். ஆங்கிலத்தில் வேகமாக ஏதோ சொன்னார். பிரேம்குமார் பூரித்துப்போய்த் தமிழில் அறிவித்தார்: "இவ்ளோ ஒத்துமையா எங்கயும் பாத்ததே இல்லயாம்! இதை வீடியோ எடுத்து, மத்த நாட்டு ஃபேக்டரிக்கெல்லாம் அனுப்பப் போறாங்களாம். எல்லாரும் நம்ம மெத்தட்தான் செய்யணுமாம்!"

புகழேந்தி டேபிள் மேலேயே நின்றார். வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கினால் எக்ஸ்டென்ஷன் நிச்சயம். ஆனால் பேர் தெரியாத ஏதோ ஒரு ஊரில், பெண்கள் வரிசையாக நின்று தன் வலது தோளைத் தைக்கப் போகிறார்கள். கீழே லுப்னா யாரும் பார்க்காத நேரத்தில் இடுப்பைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். இவளுக்கு இருபது வயசுதான் இருக்கும்.

"மேடம்," என்றார் புகழேந்தி. அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் லைனில் கற்றதுதான். அது போதுமானதாக இருந்தது. "சாம்பிள் ரிஜெக்ட்."

"இன்னா சார் சொல்றீங்க?" என்று பிரேம்குமார் பதறினார்.

"என் கை இவ்ளோதான் சார் வரும்." சாயாமல் நேராக நின்று வலது கையைத் தூக்கினார். மார்புக்கு நேரே அது நின்றது. "மூணு மாசமா இப்படித்தான். தோள் இறுகிக் கெடக்குது. மறைச்சேன். இவங்க என்னைப் பாத்து செய்றாங்க. என் வலியை இவங்க இடுப்புல ஏத்திட்டேன். தப்பு சாம்பிள் மேடம், ராங் சாம்பிள்."

அந்த அம்மா விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பிரேம்குமாரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இவருக்காகக் கம்பெனி என்ன செய்து கொடுத்திருக்கிறது?

பிரேம்குமார் கெட்டிக்காரர். மூச்சு விடுகிற நேரத்துக்குள் பதில் வந்தது. முழு ஆதரவு உண்டு, உடம்புக்கு ஏற்ற வேலை உண்டு, நாற்காலி ஆர்டர் போட்டாயிற்று, எக்ஸ்டென்ஷன் எப்போதோ முடிவாகிவிட்டது. தனக்குக் கிடைத்திருப்பது எல்லாம் புகழேந்திக்கு அப்போதுதான் தெரிந்தது. வலி உள்ள தொழிலாளியை இந்தக் கம்பெனி ஒருநாளும் ஒதுக்கியது கிடையாது மேடம் என்று பிரேம்குமார் முடித்தார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு முறை திறந்த வாய் புகழேந்திக்கு மூடவில்லை.

"ஒருத்தர் இருக்காரு மேடம். கேட்ல நிக்கிறாரு. நிக்க வெச்சது நான்தான்."

அன்று மதியமே கேட்டுக்கு ஒரு நாற்காலி போனது. கட்டிங் பிரிவில் உட்கார்ந்து தோல் தரம் பிரிக்கிற வேலை அடுத்த வாரத்தில் இருந்து மஹபூப் பாஷாவுக்கு என்றும் முடிவாயிற்று. அஃப்ரோஸை டேபிளில் ஏற்றி, சௌம்யா காட்டியபடி உடற்பயிற்சியை மாற்றினார்கள். புகழேந்தி சாய்ந்து நிற்கிற போட்டோவை பெரிசாக அச்சடித்து, மேலே சிவப்பில் குறுக்குக் கோடு போட்டு, சாம்பிள் கொக்கியில் மாட்டினார்கள்.

சாயங்காலம் அவர் கேட்டுக்கு வந்தார். காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து நின்று, விரல்களை வைத்து மெதுவாக ஏற ஆரம்பித்தார். மஹபூப் பாஷா புது நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக வைக்கிற சல்யூட்டை இன்று வைக்கவில்லை.

"சார், ஒண்ணு கேக்கறேன். கோச்சிக்கக் கூடாது."

"கேளுங்க பாய்."

"உங்க கை இறுகாம இருந்திருந்தா, என் முட்டி உங்களுக்கு ஞாபகம் வந்திருக்குமா?"

விரல்கள் சுவரில் நின்றன. புகழேந்தி திரும்பவில்லை. "வந்திருக்காது பாய்," என்றார்.

மஹபூப் பாஷா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். "உக்காருங்க. எனக்கும் ஒரே எடத்துல இருக்கக் கூடாது, நடுவுல நடக்கணும்னு சொல்லியிருக்காங்க. நான் நாலடி போய்ட்டு வர்றேன்."

புகழேந்தி தயங்கினார். அப்புறம் உட்கார்ந்தார். கால் இவ்வளவு வலித்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

கம்பெனி பஸ் கேட்டைத் தாண்டியது. புகழேந்தி சார் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பெண்கள் எல்லோரும் ஒரே பக்க ஜன்னலுக்குச் சாய்ந்தார்கள். அஃப்ரோஸ் ஜன்னல் வழியாக வலது கையை வெளியே நீட்டி, முழுசாக மேலே தூக்கி ஆட்டினாள். அவரும் தன் வலது கையைத் தூக்கினார். எவ்வளவு வந்ததோ அவ்வளவு.